சிவிலைசேசன் ஆட்டத்தில் ஒரு நகரின் அறிவியல் கணக்கு: ஒரு திறனாய்வு

சிவிலைசேசன் என்பது கணினியில் முறை வைத்து ஆடப்படும் வியூக விளையாட்டு. சதுரங்கத்தைப் போலவே ஒருவர் காய் நகர்த்திய பின்புதான் அடுத்தவர் நகர்த்த வேண்டும். இதன் முதல் பதிப்பு 1991-இல் சிட் மெய்யர் பெயரோடு வெளிவந்தது. நான்காம் பதிப்பு 2005-இலும், ஐந்தாம் பதிப்பு 2010-இலும், ஆறாம் பதிப்பு 2016-இலும் வந்தன. கற்காலத்தில் ஒரு சிற்றூரைத் தொடங்கி, அதை நகராக்கி, நாடாக்கி, விண்கலம் அனுப்பும் காலம்வரை கொண்டுசெல்வதே ஆட்டம். இதில் முன்னேறுவதற்கு வேண்டிய எரிபொருள் அறிவியல் புள்ளிகள். ஒவ்வொரு நகரும் ஒவ்வொரு முறையும் இத்தனை புள்ளி ஈட்டுகிறது என்று ஆட்டம் கணக்கு வைக்கிறது. எழுத்து, கணிதம், அச்சு, மின்சாரம் என்று ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அப்புள்ளிகளையே விலையாகக் கொடுக்க வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரப் பிள்ளைகள் பலரும் இன்று இவ்வாட்டத்தை அறிந்திருக்கிறார்கள். ஒரு நகரில் கூடுதல் புள்ளிகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்று சேர்கின்றன என்பதை விளக்குவதும், அந்தக் கணக்குக்குப் பின்னால் அறிவைப் பற்றி என்ன கருத்து ஒளிந்திருக்கிறது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுகளுக்கு ஐந்தாம் பதிப்பும், அதற்கு 2013-இல் வந்த 'பிரேவ் நியூ வேர்ல்ட்' என்னும் விரிவாக்கமும் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

இரண்டு வகைக் கூடுதல்

நகரின் அறிவியல் இரண்டு வகையில் கூடுகிறது. ஒன்று எண்ணாக வருவது. மற்றொன்று விழுக்காடாக வருவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

எண்ணாக வருபவை: ஒவ்வொரு குடிமகனுக்கும் 1 புள்ளி. நூலகம் கட்டினால் இரண்டு குடிமக்களுக்கு 1 புள்ளி. பொதுப்பள்ளி கட்டினால் 3 புள்ளியும், மேலும் இரண்டு குடிமக்களுக்கு 1 புள்ளியும். தலைநகரின் அரண்மனைக்கு 3 புள்ளி. தேசியக் கல்லூரிக்கு 3 புள்ளி. அறிவியலாளராக அமர்த்தப்படும் ஒவ்வொருவருக்கும் 3 புள்ளி. பல்கலைக்கழகம் உள்ள நகரில், மக்கள் உழைக்கும் ஒவ்வொரு மழைக்காட்டுக் கட்டத்துக்கும் 2 புள்ளி.

விழுக்காடாக வருபவை: பல்கலைக்கழகம் 33. தேசியக் கல்லூரி 50. மலையை ஒட்டிய நகரில் மட்டும் கட்டக்கூடிய வானாய்வகம் 50. பிற்காலத்து ஆய்வுக்கூடம் 50. சுதந்திரச் சிந்தனை என்னும் கொள்கையை ஏற்றால் பல்கலைக்கழகத்தின் 33 மேலும் 17 கூடி 50 ஆகிறது.

ஆட்டத்தின் விதி இதுதான்: முதலில் எண்களை எல்லாம் கூட்டு, பிறகு விழுக்காடுகளை எல்லாம் தனியே கூட்டு, கடைசியில் ஒருமுறை மட்டும் பெருக்கு.

ஒரு நகரின் கணக்கு

மலையடிவாரத்தில் 12 குடிமக்கள் உள்ள ஒரு தலைநகரை எடுத்துக்கொள்வோம். நூலகம், தேசியக் கல்லூரி, பல்கலைக்கழகம், வானாய்வகம் ஆகிய நான்கும் அங்கே உள்ளன. பல்கலைக்கழகத்தில் 2 அறிவியலாளர்கள் உள்ளனர். 2 மழைக்காட்டுக் கட்டங்களில் மக்கள் உழைக்கிறார்கள்.

குடிமக்கள் 12, அரண்மனை 3, நூலகம் 6, தேசியக் கல்லூரி 3, மழைக்காடு 4, அறிவியலாளர் 6. ஆக மொத்தம் 34. இதுவே அடிப்படை எண்.

விழுக்காடுகள் 33, 50, 50. ஆக மொத்தம் 133. எனவே 34-ஐ 2.33-ஆல் பெருக்க வேண்டும். விடை 79.22.

மாணவர்கள் பலர் இங்கே 34-ஐ 1.33-ஆல் பெருக்கி, அதை 1.5-ஆல் பெருக்கி, அதை மறுபடியும் 1.5-ஆல் பெருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் 101.7 வருகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 22 புள்ளிக்கும் மேல். கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள அதே வேறுபாடுதான் இது. ஆட்டம் தனிவட்டிக் கணக்கைப் பின்பற்றுகிறது. எல்லா விழுக்காடும் அசலின்மீது மட்டுமே.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. மேற்சொன்ன நகரில் வானாய்வகம் இல்லை என்று வைத்துக்கொண்டால் 34-ஐ 1.83-ஆல் பெருக்கி 62.22 கிடைக்கும். வானாய்வகம் கட்டியவுடன் 17 புள்ளி கூடுகிறது. 62-இல் 17 என்பது ஏறத்தாழ 27 விழுக்காடு. பலகையில் 50 என்று எழுதியிருக்கிறது. கைக்கு வருவது 27. ஏற்கெனவே விழுக்காடுகள் சேர்ந்திருக்கும் நகரில் புதிதாக வரும் விழுக்காட்டின் மதிப்பு ஒப்பீட்டளவில் குறைந்துகொண்டே போகும்.

அசல் எண்ணுக்கு நேர்வது இதற்கு எதிர்மாறானது. விழுக்காடு கூடக் கூட ஒவ்வொரு அசல் புள்ளியின் மதிப்பும் ஏறும். நூலகம் உள்ள நகரில் ஒரு குடிமகன் கூடினால் சராசரியாக 1.5 அசல் புள்ளி. 2.33-ஆல் பெருக்கினால் 3.5. பொதுப்பள்ளியும் வந்துவிட்டால் ஒரு குடிமகனுக்கு 2 அசல் புள்ளி, அதாவது 4.66. வானாய்வகம் தரும் 17 புள்ளியை, வானாய்வகமே இல்லாமல் ஆறு குடிமக்களைக் கூட்டியும் ஏறக்குறைய எட்டிவிடலாம் (ஆறு பேருக்கு 9 அசல் புள்ளி, 1.83-ஆல் பெருக்கினால் 16.5). வானாய்வகத்துக்கு மலை வேண்டும். குடிமக்களுக்குச் சோறு போதும்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் நூலகத்துக்கு முன்பே களஞ்சியத்தையும் நீர்வழியையும் பற்றிப் பேசுவது இதனால்தான். இந்த ஆட்டத்தில் உணவுதான் அறிவியலின் முதல் படி.

சோறும் பள்ளியும்

உணவிலிருந்து அறிவு என்னும் இந்த வரிசை தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதன்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவலாக்கப்பட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த வயிற்றோடு வாய்ப்பாடு சொல்ல முடியாது என்பதை வகுப்பறையில் நின்ற எவரும் அறிவர்.

ஆனால் ஆட்டத்தின் வரிசைக்கும் நம் வரிசைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆட்டத்தில் உணவு தலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. புதிதாகப் பிறந்த தலை அந்த முறையிலேயே 1 புள்ளி ஈட்டத் தொடங்கிவிடுகிறது. அது பள்ளிக்குப் போனதா, எத்தனையாம் வகுப்பில் நின்றது, ஆணா பெண்ணா, எந்தத் தெருப் பிள்ளை என்று ஆட்டம் கேட்பதே இல்லை. நம் திட்டங்களில் உணவின் வேலை வேறு. ஏற்கெனவே இருக்கும் தலையை அது வகுப்பறைக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு; கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சுமார் 71. ஆட்டத்தின் கணக்கில் இந்த 9 விழுக்காட்டு இடைவெளிக்கு இடமே கிடையாது. எல்லாத் தலைக்கும் ஒரே மதிப்பு.

இதை ஆட்டத்தின் பெருந்தன்மை என்றும் சொல்லலாம். யாரையும் தாழ்த்தாமல் ஒவ்வொருவரையும் ஒன்றாகவே எண்ணுகிறதே! ஆனால் எல்லோரையும் ஒன்றாக எண்ணுவதற்கும் எல்லோருக்கும் ஒன்றுபோல் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆட்டம் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் நடந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறது.

மூன்று பதிப்பு, மூன்று கருத்து

கூட்டும் முறை நான்காம் பதிப்பிலும் ஏறக்குறைய இதுவேதான். நூலகம் 25, பல்கலைக்கழகம் 25, வானாய்வகம் 25, கல்விக்கழகம் 50 என்று விழுக்காடுகள் கூட்டப்பட்டன. ஆனால் அசல் எது என்பதில் வேறுபாடு இருந்தது. அங்கே அசலின் பெரும்பகுதி நகரின் வணிக வருவாயிலிருந்து வந்தது. அரசர் அந்த வருவாயில் எவ்வளவு கருவூலத்துக்கு, எவ்வளவு ஆராய்ச்சிக்கு என்று பிரித்து வைப்பார். அதாவது அறிவு என்பது பணத்தின் விளைவு.

ஐந்தாம் பதிப்பில் அசல் மக்களாயிற்று. அறிவு என்பது தலைகளின் விளைவு.

ஆறாம் பதிப்பில் இடம் முன்னுக்கு வந்தது. நகருக்கு வெளியே ஒரு கட்டத்தில் கல்வி வளாகம் அமைக்க வேண்டும். அதை ஒட்டி நிற்கும் ஒவ்வொரு மலைக்கும் 1 புள்ளி. நான்கு மலை சூழ்ந்தால் 4 புள்ளி. நூலகம் 2, பல்கலைக்கழகம் 4 என்று கட்டடங்கள் எண்ணாகவே தருகின்றன. இயற்கைத் தத்துவம் என்னும் கொள்கை 100 விழுக்காடு கூட்டும். ஆனால் நகரின் மொத்த அறிவியலுக்கு அன்று, அக்கம்பக்கத்தால் வந்த அந்த 4 புள்ளிக்கு மட்டுமே. 4 என்பது 8 ஆகும்; நூலகத்தின் 2 அப்படியே இருக்கும். '100 விழுக்காடு' என்ற சொல்லைக் கண்டு மயங்காமல், எதில் 100 என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மலையும் காடும்

மலையை ஒட்டினால் அறிவியல் கூடும் என்ற கருத்து வெறும் கற்பனை அன்று. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது மலைமேல்தான். சவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. 1977-இல் யுரேனசு கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வை நோக்கிய இடங்களில் காவலூரும் ஒன்று. தெளிந்த வானமும் நகர வெளிச்சம் இல்லாத இருட்டும் மலையில்தான் கிடைக்கும். ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் இதை அறிந்தே செய்திருக்கிறார்கள்.

ஆனால் ஆட்டத்தில் மலையின் பயன் மலையடி ஊருக்கே சேருகிறது. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையிடம் பெங்களூரு. மலை ஓரிடத்தில், நிறுவனம் வேறோரிடத்தில். அடிவாரத்துச் சிற்றூர்ப் பள்ளியின் கணக்கில் 50 விழுக்காடு தானாக ஏறிவிடுவதில்லை.

நாட்றாம்பாளையம் போன்ற ஊர்களில் மலையின் பொருளே வேறு. சுற்றிலும் மலையும் காடும். ஆட்டக் கணக்கில் பார்த்தால் கல்வி வளாகம் அமைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நடைமுறையிலோ, மலை பிள்ளைக்கும் மேல்படிப்புக்கும் நடுவே நிற்கிறது. கல்லூரி என்றால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை கடந்து போக வேண்டும். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இந்தக் காடுகளில்தான் 2014-இல் அறிவிக்கப்பட்டது. யானை நடமாடும் பாதையில் பேருந்தை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு மலை கூட்டல் குறி அன்று, கழித்தல் குறி.

மழைக்காட்டுக் கட்டத்துக்கு 2 புள்ளி என்ற விதியைப் பாராட்டலாம். காட்டை வெட்டி வயலாக்கினால் அந்தப் புள்ளி போய்விடும். காட்டில் படிக்க ஏதோ இருக்கிறது என்று ஆட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் பல்கலைக்கழகம் வரும்வரை அந்தக் காட்டுக்கு அறிவியல் மதிப்பு சுழியம். இம்மலைகளில் வாழும் இருளர் முதலான பழங்குடியினர் தேனைப் பற்றியும் மூலிகையைப் பற்றியும் விலங்கின் தடத்தைப் பற்றியும் அறிந்திருப்பது அந்தக் கணக்கில் வராது. பட்டம் பெற்றவர் வந்து எழுதிக்கொண்ட பிறகுதான் அது அறிவாகிறது. இது ஆட்டத்தின் குறை மட்டும் அன்று. நம் பாடநூல்களின் குறையும்கூட.

தேசியக் கல்லூரியும் ஊர்தோறும் நூலகமும்

ஐந்தாம் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. தேசியக் கல்லூரியை நினைத்தவுடன் கட்டிவிட முடியாது. தன் ஆட்சியிலுள்ள நகரங்கள் அனைத்திலும் நூலகம் இருந்தால்தான் கட்டலாம். கடைக்கோடி ஊரில் நூலகம் இல்லையென்றால் தலைநகரின் கல்லூரியும் இல்லை. எவ்வளவு அழகான அறம்!

சென்னை மாகாணம் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல் சட்டம். அதன் பின்னணியில் சீர்காழியில் பிறந்த எசு. ஆர். இரங்கநாதனின் உழைப்பு இருந்தது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கப்படுவது அச்சட்டத்தின் பயன். அந்த ஏற்பாட்டின் உயிர்க்கருத்தைத்தான் ஆட்டத்தின் இந்த விதியும் சொல்கிறது.

ஆனால் ஆட்டக்காரர்கள் இதை எப்படிக் கையாளுகிறார்கள்? ஊர்தோறும் நூலகம் கட்டுவது செலவு. ஆகவே தேசியக் கல்லூரி முடியும்வரை புதிய ஊரையே தொடங்குவதில்லை. ஒரே ஊர், ஒரே நூலகம், நிபந்தனை நிறைவேறிவிட்டது. எல்லா ஊருக்கும் நூலகம் கொடு என்ற விதி, ஊரே வேண்டாம் என்ற தந்திரமாக மாறிவிட்டது.

இதோடு இன்னொரு விதியும் சேர்ந்துகொள்கிறது. விரிவாக்கத்தில், சாதாரண அளவு வரைபடத்தில், ஒரு நகர் கூடினால் எல்லாக் கண்டுபிடிப்பின் விலையும் 5 விழுக்காடு ஏறும். நாட்டின் மொத்த அறிவியல் 150 புள்ளி என்றால், புதிய ஊர் ஏறத்தாழ 7 புள்ளியாவது ஈட்ட வேண்டும். நூலகமும் மூன்று குடிமக்களும் உள்ள சிற்றூர் ஈட்டுவது 4. அதுவரை அவ்வூர் நாட்டுக்குச் சுமை. ஆறு பேரானால் 9 ஈட்டிக் கடனைத் தீர்க்கும்.

இந்தச் சுமைக் கணக்கைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். மாணவர் குறைந்த பள்ளியை வைத்திருப்பது வீண் செலவு, பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அதே கணக்குதான் அங்கேயும். பள்ளி என்ன ஈட்டுகிறது என்று கேட்கிறார்கள். பள்ளி இல்லாவிட்டால் அந்த ஐந்தாறு பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்பதில்லை. ஆட்டத்தில் தொடங்காத ஊரில் யாரும் இல்லை. அங்கே பிள்ளை படிக்காமல் போவதும் இல்லை. நம் மலையூர்களில் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நாட்டின் கணக்குக்காக அவர்கள் பிறக்கவில்லை.

காந்தியும் ஊரும்

ஐந்தாம் பதிப்பில் இந்தியாவின் தலைவர் காந்தி. அவருக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. குடிமக்களால் வரும் அதிருப்தி பாதியாகும். ஊர்களின் எண்ணிக்கையால் வரும் அதிருப்தி இரட்டிப்பாகும். ஆகவே இந்தியாவாக ஆடுபவர் சில பெருநகரங்களை மட்டும் கட்டி, அவற்றில் மக்களை நிரப்ப வேண்டும். மக்களே அசல் என்பதால் அறிவியலுக்கு இது நல்ல வழிதான். கணக்கில் பிழை இல்லை.

ஆனால் அந்தத் தன்மையை யார் பெயரில் வைத்தார்கள் என்று பாருங்கள். இந்தியா கிராமங்களில் வாழ்கிறது என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர் காந்தி. 1937-இல் வார்தாவில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வி, ஊர்ப்பள்ளியையும் கைத்தொழிலையும் நடுவில் வைத்தது. அவர் பெயரால் ஆடும்போது ஊர்களே பாரமாகின்றன. இந்தியா என்றால் மக்கள் நெருக்கம் என்ற வெளியார் பார்வை மட்டுமே இதில் இருக்கிறது.

எல்லையில் நடப்பது

ஓசூர் பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் போன்ற ஆலைகள் இங்கு வளர்ந்தன. ஒன்று வந்ததால் இன்னொன்று வந்தது, உதிரிபாகப் பட்டறைகள் வந்தன, தொழிற்பயிற்சி வந்தது. அக்கம்பக்கத்தால் பயன் கூடும் என்ற ஆறாம் பதிப்பின் கருத்தைக் கண்ணால் காண விரும்புவோர் ஓசூரைப் பார்க்கலாம். படித்த பிள்ளைகள் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போய் வருகிறார்கள். பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

ஐந்தாம் பதிப்பில் குடிமகன் ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறுவதில்லை. வணிகப் பாதை வழியே அயல்நாட்டிலிருந்து சில அறிவியல் புள்ளிகள் வரும். பின்தங்கிய நாடே கூடுதலாகப் பெறும் என்பது நல்ல கற்பனை. ஆனால் ஊர் சோறிட்டு வளர்த்துப் படிக்கவைத்த பிள்ளை மாநகரின் கணக்கில் புள்ளியாக ஏறுவதை அந்த ஆட்டம் காட்டவில்லை. சிற்றூர் எவ்வளவு ஈட்டுகிறது என்று கேட்கும்போது, பெருநகரின் 79 புள்ளியில் எத்தனை புள்ளி சிற்றூரில் பிறந்தது என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் 5 விழுக்காட்டுச் சுமை என்ற கணக்கு நிற்காது.

ஆட்டத்தின் நிறை

குறைகளைச் சொன்னதால் ஆட்டத்தை ஒதுக்க வேண்டும் என்பது பொருள் அன்று. நூலகத்தைக் கட்டினால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் பராமரிப்புக்குப் பொன் கொடுக்க வேண்டும் என்கிறது ஆட்டம். நூலகத்துக்கு 1, பல்கலைக்கழகத்துக்கு 2. கருவூலம் வற்றிப் பற்றாக்குறை விழுந்தால் அது அறிவியலில் இருந்தே கழிக்கப்படுகிறது. பணம் இல்லாதபோது முதலில் வெட்டுப்படுவது கல்வி என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன விளையாட்டு வேறு இல்லை. திறப்பு விழாக் கண்டு, பிறகு பூட்டிக் கிடக்கும் ஊர் நூலகத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

கணக்கு ஆசிரியர்களுக்கும் இது நல்ல கருவி. ஒரு பொருளின் விலையை 10 விழுக்காடு ஏற்றிப் பிறகு 10 விழுக்காடு இறக்கினால் பழைய விலை வராது, 100 ரூபாய் 99 ஆகிவிடும் என்பதைக் கரும்பலகையில் பலமுறை எழுதினாலும் சிலருக்குப் பிடிபடாது. இந்த நகரின் கணக்கைக் கொடுத்தால் தாமாகவே பென்சிலை எடுப்பார்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லலாம். இந்த விழுக்காடு எதன்மீது? ஏற்கெனவே உள்ளவற்றோடு கூட்டுகிறதா, பெருக்குகிறதா? இந்த அசலில் யார் எண்ணப்படவில்லை?

முதல் இரண்டு கேள்விக்கும் விடை ஆட்டத்திலேயே கிடைத்துவிடும். மூன்றாவதற்கு விடை தேட மாணவர் கணினியை அணைத்துவிட்டு, தம் ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.